பிழை இல்லாததே பிழையா?

இசையமைப்பாளர் ஷோபானின் இரு தொகுப்புகளிலும் உள்ள 24 எட்யூட்களையும் பியானோ கலைஞர் மௌரிட்சியோ பொலினி 1972-இல் மியூனிக்கில் பதிவுசெய்தார். டாய்ச் கிராமபோன் நிறுவனம் வெளியிட்ட அந்த இசைத்தட்டின் மீது இன்றுவரை ஒரு குற்றச்சாட்டு உண்டு: அப்பழுக்கில்லாத வாசிப்பு, ஆனால் ஈரமில்லை. உருப்படி உருப்படியாகப் பிரித்துக் கேட்டால் அந்தத் தீர்ப்பு ஆட்டம் காண்கிறது.

எட்யூட் என்பது விரல் பயிற்சி. ஷோபான் அதைக் கச்சேரி மேடைக்கு ஏற்றினார். ஓபஸ் (படைப்பு எண்) 10 தொகுப்பு 1833-இலும் ஓபஸ் 25 தொகுப்பு 1837-இலும் வெளிவந்தன. ஒவ்வோர் உருப்படியும் கைக்கு ஒரு தனிச் சோதனை.

ஓபஸ் 10-இன் முதல் உருப்படியில் வலது கை பியானோவின் கீழிருந்து மேலும், மேலிருந்து கீழும் ஓயாமல் ஓடும். அந்த ஓட்டத்தைக் காட்டுவதிலேயே பலருக்கு மூச்சு வாங்கிவிடும். பொலினி அதைச் சீராக ஓடவிட்டு, இடது கையின் கனத்த, நிதானமான சுரங்களை முன்னே நிறுத்துகிறார். வேகம் பின்னுக்குப் போக, இசையின் கட்டுமானம் தெரிகிறது.

இரண்டாவது இன்னும் கொடுமை. வலது கையின் நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் மூன்றும் அரைச்சுர வரிசையை ஓட்ட, அதே கையின் மற்ற இரு விரல்களும் கீழே துணைச் சுரங்களைத் தொட வேண்டும். அதுவும் மெல்லிய ஒலியில். சத்தத்தைக் கூட்டித் தப்பிக்கும் குறுக்குவழியைப் பொலினி நாடவில்லை.

உணர்ச்சி இல்லை என்பவர்கள் ஓபஸ் 25-இன் 11-ஐக் கேட்கட்டும். மெதுவான சிறு தொடக்கம் முடிந்ததும் வலது கையில் புயல் இறங்குகிறது. இடது கையின் அணிநடைத் தாளத்தை அவர் இம்மிகூட நெகிழவிடுவதில்லை. அச்சம் பிறப்பதே அந்தக் கறாரில்தான்.

சறுக்கல் வேறிடத்தில். ஓபஸ் 10-இன் 3, 6 இரண்டும் மெதுவானவை. மெட்டு நின்று மூச்சுவிட இடம் கேட்பவை. பொலினி நிற்காமல் கடந்துவிடுகிறார். 1933-34-இல் இதே எட்யூட்களைப் பதிவுசெய்த பியானோ கலைஞர் ஆல்ஃபிரட் கார்ட்டோவிடம் தவறான சுரங்கள் ஏராளம். ஆனாலும் மெட்டு பாடுகிறது. இந்த இரண்டிலும் வெற்றி கார்ட்டோவுக்கே. மெதுவானவற்றில் மூன்றாவதான ஓபஸ் 25-இன் 7-இல், இடது கை மெட்டுக்குப் பொலினி தரும் கனம் கணக்கை நேர்செய்கிறது.

எல்லாம் ஸ்டுடியோவின் ஒட்டுவேலை என்ற சந்தேகமும் எழலாம். 1960-இல், 18 வயதில், வார்சா ஷோபான் போட்டியில் வென்ற கையோடு பொலினி இதே எட்யூட்களை இஎம்ஐ நிறுவனத்துக்காகப் பதிவுசெய்தார். 2011-இல்தான் அது வெளிவந்தது. விரல்களின் பிடி அப்போதே அப்படித்தான்.

ஆக, குற்றச்சாட்டு இரண்டு உருப்படிகளில் செல்லும். மீதி 22-இல் செல்லாது. அந்த இரண்டுக்குக் கார்ட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.