துண்டுக்கடியில் விரல்: கபடி ஏலமும் கரிசல் ரசிகனின் மொழியும்

கவிதையைப் பற்றிப் பேசினால் விமர்சனம். சினிமாவைப் பற்றிப் பேசினால் அரை விமர்சனம். கபடியைப் பற்றிப் பேசினால் வெட்டிப்பேச்சு. நம் அறிவுச்சூழலில் இப்படி ஓர் ஏணி இருக்கிறது. ஆனால் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில், பந்தல்குடியிலோ நரிக்குடியிலோ, ஒரு டீக்கடைப் பெஞ்சில் நடக்கிற கபடிப் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டால் விமர்சனத்துக்கு உண்டான எல்லாமே அதில் இருப்பது தெரியும். ஒப்பீடு உண்டு, பழைய ஆட்டக்காரர்களைப் பற்றிய ஞாபகம் உண்டு, நுணுக்கமான கலைச்சொற்கள் உண்டு, சண்டையும் உண்டு. புரோ கபடி லீக்கில் ஓர் அணி புதுசாக ஒரு பையனை எடுத்துவிட்டால் போதும், "பய தேறுவானா மாட்டானா" என்பதிலேயே சாயங்காலம் போய்விடும்.

அந்தப் பேச்சை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிக்கலாம் என்று தோன்றுகிறது. கேட்க வேண்டியது ஒரே கேள்விதான். 'தேறுவானா' என்று கேட்கிறவன் எந்த இடத்தில் நின்று கேட்கிறான்? கூட ஆடுகிறவனின் இடத்திலா, விலைக்கு வாங்கியவனின் இடத்திலா?

1

முதலில் நிலம். மழை பார்த்து உழுகிற மானாவாரிக் கரிசல். பருத்தி, கம்பு, உளுந்து, மல்லி. குண்டாற்றில் தண்ணீர் பார்ப்பது எப்போதாவதுதான். சீமைக்கருவேலை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்பது பல குடும்பங்களுக்கு வருமானம். அருப்புக்கோட்டைக்குள் தறியும் நூற்பாலையும் உண்டு. மிச்சப் பேர் திருப்பூருக்கோ சென்னைக்கோ பஸ் ஏறுகிறார்கள். பந்து வேண்டாம், மட்டை வேண்டாம், ஓர் இடமும் கோடு போடக் கொஞ்சம் சுண்ணாம்பும் பதினாலு பேரும் போதும் என்கிற ஆட்டம் இந்த மண்ணில் வேரூன்றியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

உடம்பை எடைபோடுவதற்கு இந்த நிலத்துக்குச் சொந்தமாக இரண்டு முறைகள் இருந்தன. ஒன்று இளவட்டக்கல். ஊர்ப் பொதுவில் கிடக்கிற உருண்டைக் கல்லை இளந்தாரி தூக்கித் தோளுக்கு மேலே போட வேண்டும். தூக்கினவனுக்குப் பெயர், தூக்காதவனுக்குக் கேலி. அந்தக் கல் அளந்தது அன்றைக்கு அவன் செய்ததை மட்டும். நாளைக்கு இன்னொருத்தன் தூக்கலாம். கல் அங்கேயேதான் கிடக்கும்.

இன்னொன்று மாட்டுச்சந்தை. பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். ஆனால் விலை பேசும்போது தரகர் கையும் வாங்குகிறவர் கையும் துண்டுக்கு அடியில் போய்விடும். விரலைப் பிடித்துத்தான் பேரம். என்ன விலை படிந்தது என்பது சுற்றி நிற்கிறவனுக்குத் தெரியாது.

இவற்றைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. கல் கிடந்த 'ஊர்ப் பொது'வுக்குள் யார் அடக்கம், யார் வெளியே என்பதைச் சாதிதான் தீர்மானித்தது. சந்தைத் துண்டுக்கடியில் ஏமாந்த சம்சாரிகளும் ஏராளம். நான் சுட்ட விரும்புவது வேறொன்றை. இந்த நிலத்தில் மாட்டின் விலைக்குக்கூட ஒரு மறைப்பு இருந்தது. இன்று மனுசனின் விலை மேடையில் சுத்தியல் தட்டி, டி.வி.யில் எழுத்தாக ஓடுகிறது.

2

2014இல் எட்டு அணிகளோடு புரோ கபடி லீக் தொடங்கியபோது, முதல் ஏலத்தில் அதிக விலை ராகேஷ் குமாருக்கு, 12.80 லட்சம். 2018இல் மோனு கோயத் 1.51 கோடிக்குப் போனார். 2022இல் பவன் செஹ்ராவத்தைத் தமிழ் தலைவாஸ் 2.26 கோடிக்கு எடுத்தது. 2023இல் அதே பவனைத் தெலுங்கு டைட்டன்ஸ் 2.605 கோடிக்கு எடுத்தது. ஒன்பது வருசத்தில் உச்ச விலை இருபது மடங்கு. கபடிக்காரனுக்குக் காசு வருவதில் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. வரட்டும், இன்னும் வரட்டும். என் கவலை, இந்த எண்கள் ரசிகனின் நாக்கில் என்ன வேலை செய்கின்றன என்பது.

மண் மைதானத்து ஓரத்தில் நிற்கிறவன் பேசுவதைக் கவனியுங்கள். "கால் லேசு, ஆனா அவசரப்படுறான்." "ஏங்கிள் புடிக்கிறான், ஆனா கவர்காரன் வந்து சேர்றதுக்குள்ள விட்டுர்றான்." "எதிர்ல ஆறு பேர் நின்னாத்தான் போனஸ் உண்டுங்கிற நெனப்பே இல்லாம கோட்டுக்குக் கால நீட்டுறான்." ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு செயல் இருக்கிறது. அந்தச் செயலுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆளும் இருக்கிறான். முப்பது விநாடி மூச்சுக்குள் ஒருத்தன் ஏழு பேருக்கு எதிரே போகிற ஆட்டத்தில், ஒருவனின் திறமையை மற்றவர்களைச் சொல்லாமல் சொல்லவே முடியாது. கார்னரில் நிற்கிறவன் கணுக்காலைப் பிடிப்பது பக்கத்து ஆள் வந்து அமுக்குவான் என்ற நம்பிக்கையில். அந்த நம்பிக்கையையும் சேர்த்து எடைபோட்டவன் கிராமத்து ரசிகன். ஆட்டம் முடிந்ததும் பையனின் முகத்துக்கு நேரேயே சொல்வான். பையனும் பதில் சொல்வான். "அண்ணே, நீங்க எறங்கிப் பாருங்கண்ணே!"

ஏலத்துக்குப் பிறகு வந்த பேச்சு வேறு மாதிரி. "ரெண்டு கோடிக்கு இவன் வொர்த்தா?" "சீப்பா அமுக்கிட்டாங்க மாப்ளே, ரெண்டு வருசத்துல வெல ஏறிரும்." இங்கே செயல் இல்லை, பக்கத்து ஆள் இல்லை. இருப்பது ஒரு விலை, ஒரு வருங்காலம். இந்த வாக்கியங்களைச் சொல்கிறவனின் சட்டைப்பையில் டீக்குக்கூடச் சில்லறை இல்லாமல் இருக்கலாம். ஆனால் பேசுகிற நேரத்தில் அவன் அணியின் உடைமையாளன். மேலாண்மை என்பது அடித்துப் பணியவைப்பது மட்டுமில்லை, முதலாளியின் கணக்கை நம் வாயாலேயே போடவைப்பதும்தான் என்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைக்காது.

இந்தக் கணக்கு எவ்வளவு நம்பத்தக்கது என்பதை அந்த 2022ஆம் வருச சீசனே காட்டியது. 2.26 கோடி பவன் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்தார். தலைமை வலது கார்னர் சாகர் ராத்தியின் கைக்கு வந்தது. அந்த சீசனில்தான் லீக்குக்குள் வந்த நரேந்தர் என்ற புதுமுகம் ரெய்டில் 200 புள்ளிகளுக்கு மேல் எடுத்தார். தமிழ் தலைவாஸ் தன் வரலாற்றில் முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது. அதற்குப் பிறகு நம் ரசிகன் விலைக்கணக்கை விட்டானா? விடவில்லை. நரேந்தரையும் அந்தக் கணக்குக்குள்ளேயே எழுதிக்கொண்டான். "எவ்வளவு சல்லிசா கெடச்சிருக்கான் பாரு!" விதியை உடைத்த ஆட்டக்காரனையும் லாபக்கணக்காக மாற்றிவிடுகிற மொழி இது.

3

இந்த மொழியின் பிறப்பிடம் அமெரிக்கக் கூடைப்பந்து என்றால் அதிகம் தப்பாகாது. அங்கே என்.பி.ஏ. வருசாவருசம் 'டிராஃப்ட்' நடத்துகிறது. அணிகள் வரிசையாக இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும். எந்த அணிக்குப் போவது என்று சொல்ல ஆட்டக்காரனுக்கு உரிமையில்லை. அதற்கு முன் உடம்பை அளக்கிறார்கள். கையை விரித்தால் எத்தனை அங்குலம், நின்ற இடத்தில் எவ்வளவு எம்புகிறான், எல்லாம் எண்ணாக வரும். பந்தை அடித்துக்கொண்டு வந்து ஆட்டத்தைப் பிரித்துக் கொடுக்கிற 'கார்ட்' ஒருவன் புதுசாக வந்தால் அங்கத்து ரசிகர்களும் நம் டீக்கடைக்காரர்களைப் போலத்தான் மோதிக்கொள்கிறார்கள். அவர்களுடைய மந்திரச் சொல் 'பொட்டன்ஷியல்'. இன்னும் செய்யாததற்கு இன்றைக்கே மதிப்பெண்.

அந்த வாசலில் ஓர் இந்தியர் நின்றதுண்டு. பஞ்சாபின் பல்லோ கே கிராமத்துச் சத்னாம் சிங், 7 அடி 2 அங்குலம். 2015இல் டல்லாஸ் மாவரிக்ஸ் 52ஆவது ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்தது. என்.பி.ஏ. டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர் என்று நாடே கொண்டாடியது. ஆனால் லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடக் கிடைக்கவில்லை. பிற்பாடு தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போனார். கொண்டாடினவர்கள் பேசியது அவருடைய உயரத்தை. அவர் கைக்குப் பந்து எப்படி வரும், யார் கொடுப்பார்கள், அதற்கு எத்தனை வருசப் பழக்கம் வேண்டும் என்பதைப் பேசினவர்கள் குறைவு. உயரத்தைப் பார்த்து வருங்காலத்தை எழுதிவைத்தார்கள், அது நடக்காதபோது 'வீணாப் போய்ட்டான்' என்றும் எழுதினார்கள். இரண்டு வாக்கியத்திலும் அந்த மனிதர் இல்லை.

4

'பொட்டன்ஷியல்' எல்லோருக்கும் ஒரே மாதிரி பங்கிடப்படுவதும் இல்லை. சிலருக்கு உடம்பு, சிலருக்குப் புத்தி என்று பிரித்துக் கொடுப்பது பழைய வித்தை. மேற்கிந்தியத் தீவுகளில் கறுப்பர்கள் பந்து வீசலாம், மட்டை பிடிக்கலாம், ஆனால் தலைமைக்கு வெள்ளையன்தான் என்று பல பத்தாண்டுகள் ஓட்டினார்கள். 1960இல்தான் ஃபிராங்க் வொரல் ஒரு முழுத் தொடருக்குத் தலைவரானார். அதற்காகப் பத்திரிகையில் விடாமல் எழுதியவர் சி.எல்.ஆர். ஜேம்ஸ், மார்க்சியர். ஆட்டத்தைப் பற்றிய மதிப்பீடு அரசியல் செயல்பாடு என்பதை அவர் எழுதியது மட்டுமில்லை, செய்தும் காட்டினார்.

நம் ஊருக்கு வருவோம். ஒரு தெருப் பையன் நன்றாக ஆடினால் "மூளைக்காரன், பாத்து ஆடுறான்." இன்னொரு தெருப் பையன் அதே ஆட்டத்தை ஆடினால் "முரட்டுப் பய, காட்டு பலம்." முதலாமவன் கற்றுக்கொண்டான் என்று பொருள், இரண்டாமவன் அப்படியே பிறந்தான் என்று பொருள். பிறந்த பலத்துக்குப் பயிற்சி தேவையில்லை, கேப்டன் பட்டமும் தேவையில்லை. 'வீரப் பரம்பரை' என்று தட்டிக்கொடுப்பதும் இதே வித்தையின் மறுபக்கம்தான். அதிலும் பையனின் உழைப்பு காணாமல்போய் சாதிக்குப் பெயர் கிடைக்கிறது. மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் பெற்றவர். அவருடைய வாழ்க்கையை அடியொற்றி மாரி செல்வராஜ் எடுத்த 'பைசன்' 2025இல் வந்தபோது, தென்மாவட்டத்தில் ஒரு பையன் மைதானத்துக்குப் போய்ச் சேருவதற்கே எத்தனை கோடுகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது என்பது பேசுபொருளானது. அணித்தேர்வு என்பது திறமையை மட்டும் பார்த்து நடப்பதில்லை என்று சொல்ல நமக்கு ஒரு சினிமா தேவைப்பட்டிருக்கிறது. டீக்கடைப் பேச்சு இதை எப்போதும் அறிந்தே இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசியது, அவ்வளவுதான்.

5

ஏலமொழி கேட்காத கேள்விகளைப் பட்டியல் போட்டால் அதன் எல்லை தெரியும்.

பவனின் முழங்கால் போனபோது அணி வைத்தியம் பார்த்தது, மறுவருசம் விலையும் ஏறியது. கண்மாய்க் கரையில் வெறுங்காலோடு ஆடி முழங்கால் போனவனுக்கு யார் பார்ப்பது? அவன் மில்லில் ஷிப்டு பார்க்கிறவனாக இருந்தால் கூலியும் சேர்ந்து போகும். மண்ணில் ஆடிப் பழகியவன் ஷூ மாட்டி மேட்டில் ஆடும்போது கால்வைப்பே மாறுகிறது. அந்த மேட் இவன் ஊருக்கு எப்போது வரும்? கபடியால் ரயில்வேயிலோ போலீஸிலோ வங்கியிலோ ஒரு வேலை என்பதுதான் முந்தைய தலைமுறையின் கனவு. அது முப்பது வருசச் சம்பளமும் பென்சனும். ஏல ஒப்பந்தம் சீசன் கணக்கு. இந்த இரண்டில் ஒரு தகப்பன் எதைக் கேட்பார் என்று எந்த ரசிகனும் கேட்பதில்லை.

பெண்கள்? 2016இல் மூன்று அணிகளோடு பெண்கள் கபடி சேலஞ்ச் ஒன்றை நடத்தினார்கள். ஒரே சீசன், அத்தோடு சரி. 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் அணியோடு தங்கம் வென்று திரும்பினார் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. ஊர்வலமும் பரிசும் நடந்தன. 'இந்தப் பொண்ணு தேறுமா' என்று மட்டும் யாரும் மல்லுக்கட்டவில்லை. தேறிப் போவதற்கு ஏலமேடை இல்லையே. விலைப்பட்டியலில் இடமில்லாத ஆட்டம் பேச்சிலும் இடம் இழக்கிறது.

வயசு? 'பொட்டன்ஷியல்' இருபது வயசுக்காரனுக்குத்தான். தஞ்சாவூர்ப் பக்கத்துத் தர்மராஜ் சேரலாதன் 2016இல் பாட்னா பைரேட்ஸுக்குத் தலைமையேற்றுக் கோப்பை வாங்கிக் கொடுத்தபோது அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. கார்னரில் நின்று எதிராளியின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று படிக்கிற அந்த அறிவு வருசக்கணக்கில் சேருவது. ஏலமொழியில் அதற்கு வார்த்தை கிடையாது. கிராமத்து மொழியில் உண்டு: 'பழகின கை'.

6

இதை ஒரு சிறுபத்திரிகையில் எழுதக் காரணம் இருக்கிறது. நம் மதிப்புரைகளை எடுத்துப் புரட்டுங்கள். 'நம்பிக்கையளிக்கும் இளம் படைப்பாளி', 'எதிர்காலத்தில் பெரிதும் எதிர்பார்க்கலாம்', 'கரிசல் மண்ணின் முரட்டு மொழி'. முதல் தொகுப்பு போட்ட பையனையோ பெண்ணையோ பற்றி நாமும் ஏலமொழிதான் பேசுகிறோம். எழுதியதை விட்டுவிட்டு எழுதப்போவதற்கு விலை குறிக்கிறோம். மேல்தட்டிலிருந்து வருகிறவனுக்கு 'சோதனை', 'நுட்பம்'. விளிம்பிலிருந்து வருகிறவனுக்கு 'அனுபவத்தின் வீரியம்', 'அசல் ரத்தம்'. காட்டு பலம் என்பதன் இலக்கிய மொழிபெயர்ப்பு இது. அடுத்த புத்தகம் வராவிட்டால், மில் வேலையா, வீட்டு வேலையா, என்ன தடுத்தது என்று கேட்காமல் 'வீணாப் போய்ட்டான்' என்று முடித்துவிடுகிறோம்.

ரசிகன் முட்டாள், முதலாளித்துவ மாயையில் கிடக்கிறான் என்று சொல்லிக் கையைக் கழுவ எனக்குச் சம்மதமில்லை. அவனுக்கு இரண்டு மொழி தெரியும். ஒன்றை டி.வி. கொடுத்தது, இன்னொன்றைக் கண்மாய்க் கரை கொடுத்தது. முதல் மொழி சத்தமாக ஒலிக்கிறது, இரண்டாவது இன்னும் சாகவில்லை. நமக்கு வேண்டியது இரண்டாவதை முதலாவதுக்கு எதிராக நிறுத்துவது, அதிலுள்ள சாதியை ஒளிக்காமல் நிறுத்துவது.

அடுத்த ஏலத்தில் ஒரு பையன் எடுக்கப்படுவான். நம் பக்கத்துப் பையனாகக்கூட இருக்கலாம். "எவ்வளவுக்குப் போனான்" என்று பெஞ்சில் ஒருத்தர் கேட்பார். கேட்கட்டும். கூடவே மற்றதையும் கேட்போம். யார்கிட்ட கத்துக்கிட்டான்? கார்னர்ல நிக்கையில பக்கத்துல யாரு? முட்டி போனா யாரு பாப்பா? அவன்கூட ஆடுன மத்த ஆறு பேரு இப்ப எங்க இருக்காங்க?