வூஸ்டர்ஷயர்: எல்லைக்கோடு யாருடைய வாக்குமூலம்?

பழைய இங்கிலாந்தில் கவுண்டியை ‘ஹண்ட்ரெட்’ என்று சின்னப் பிரிவுகளாகப் பிரித்திருந்தார்கள். வரி, வழக்கு, கூட்டம் எல்லாம் அந்த அளவில்தான். ‘ஹைடு’ என்பது வரிக்கான நில அளவு. நூறு ஹைடு சேர்ந்தால் ஒரு ஹண்ட்ரெட்னு பாடப்புத்தகம் சொல்லும். கென்ட், சசெக்ஸ் பக்கம் போனால் இந்தக் கணக்கு உதைக்கும். வூஸ்டர்ஷயரிலோ 12 ஹண்ட்ரெட், 1200 ஹைடு என்று சொல்லிவைத்த மாதிரி பொருந்துகிறது. இவ்வளவு ஒழுங்காக இருந்தாலே எனக்குச் சந்தேகம் வரும்.

1086-இல் எடுத்த டூம்ஸ்டே கணக்கெடுப்பில் இங்கே ஆஸ்வால்ட்ஸ்லோ என்றொரு ஹண்ட்ரெட் வருகிறது. அதற்கு மட்டும் 300 ஹைடு! அது வூஸ்டர் தேவாலயத்தின் சொத்து; அரசரின் ஷெரிஃபுக்கு அதற்குள் எந்த உரிமையும் கிடையாது என்கிறது பதிவு. மெய்ட்லேண்ட் 1897-இல் இதை நம்பி, நார்மானியர் வருமுன்பே தனியார் நீதி அதிகாரம் இருந்தது என்று வாதிட்டார். பேட்ரிக் வொர்மால்ட் 1990-களில் அதை மறுத்தார்: இந்த வாசகமே தேவாலயம் தன் பக்கத்துக்குச் சாதகமாக எழுதவைத்தது என்றார். 964-இல் எட்கர் மன்னர் தந்ததாகக் காட்டப்படும் சாசனமும் உதவாது. இன்று கிடைக்கும் அதன் வடிவம் 12-ஆம் நூற்றாண்டில் புனையப்பட்டது என்பதே பல ஆய்வாளர்களின் கருத்து.

என் பார்வையில் வொர்மால்ட் பாதி வழிதான் நம்மைக் கூட்டிப்போகிறார். அதே டூம்ஸ்டேயில், 12-இல் 7 ஹண்ட்ரெட்களில் ஷெரிஃபுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை, அதனால் அவருக்குப் பெரிய நஷ்டம் என்று கவுண்டி மக்களே சொன்னதாகவும் பதிவு இருக்கிறது. இது தேவாலயத்தின் குரல் இல்லையே! ஆக, 1086-இல் அந்த விலக்கு நிஜம். அது எவ்வளவு பழையது என்பதில்தான் தகராறு. இந்த இரண்டு கேள்வியையும் ஒன்றாகக் குழப்பினால் மெய்ட்லேண்டும் தப்பாகத் தெரிவார், வொர்மால்டும் தப்பாகத் தெரிவார்.

வரைபடத்தைப் பார்த்தால் இன்னும் புரியும். ஆஸ்வால்ட்ஸ்லோ ஒரே துண்டு நிலம் இல்லை. தேவாலயத்துக்கு எங்கெல்லாம் நிலம் இருந்ததோ அங்கெல்லாம் சிதறிக் கிடந்தது. அதனால்தான் ஷிப்ஸ்டனும் பிளாக்லியும் பக்கத்துக் கவுண்டிகளுக்கு நடுவே வூஸ்டர்ஷயரின் தீவுகளாக நின்றன. 1931-இல்தான் ஷிப்ஸ்டன் வாரிக்ஷயருக்கும் பிளாக்லி குளஸ்டர்ஷயருக்கும் போயின. நிர்வாக வசதிக்காகப் போட்ட கோடு என்று நாம் நினைக்கிறோம். இங்கே அது ஒரு பழைய சொத்துப் பத்திரத்தின் நிழல்.