கொண்டாட முடியாத கோபம்

2003 ஜூன் 20 அன்று அமெரிக்காவில் வெளியான ‘ஹல்க்’, முதல் மூன்றே நாளில் 62 மில்லியன் டாலர் அள்ளியது. ஜூன் மாதத்தில் வெளியான எந்தப் படமும் அதுவரை அப்படித் தொடங்கியதில்லை. அடுத்த வார இறுதியில் வசூல் ஏறக்குறைய 70 சதவீதம் விழுந்தது. தியேட்டர் வாசலிலேயே பார்வையாளர்களிடம் மதிப்பெண் கேட்டு வாங்கும் சினிமாஸ்கோர் கணிப்பில் படத்துக்குக் கிடைத்தது ‘பி மைனஸ்’. முதல் நாளே முண்டியடித்து வருகிற ரசிகர்கள் தாராளமாக ‘ஏ’ போடுகிறவர்கள். அவர்களே ‘பி மைனஸ்’ போட்டால் கைவிட்டுவிட்டார்கள் என்று பொருள்.

ஆனால் படம் மறக்கப்படவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இயக்குநர் ஆங் லீயின் ‘ஹல்க்’ என்றால் ஒரு வாக்குவாதம் கிளம்புகிறது. மெதுவாக நகர்கிறது, பூதம் வரவே முக்கால்வாசிப் பொறுமை போய்விடுகிறது, திரையைக் கட்டம் கட்டமாக வெட்டித் தலைசுற்ற வைக்கிறார், ரப்பர் பொம்மை போலிருக்கிறது, முடிவு புரியவில்லை. இது ஒரு தரப்பு. காமிக்ஸ் படங்களிலேயே இத்தனை துணிச்சலான படம் இன்னொன்று இல்லை என்பது எதிர்த் தரப்பு. இரண்டு தரப்பும் சொல்லும் காரணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே பட்டியல். தூற்றியவர்கள் படத்தைச் சரியாகவே பார்த்திருக்கிறார்கள். அவர்கள் விரல் வைத்த இடத்தில்தான் இதன் கலையும் இருக்கிறது.

ஹல்குக்கு இந்த வரவேற்பு புதிதும் அல்ல. ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1962இல் உருவாக்கிய, பூதமாக மாறும் விஞ்ஞானியான இந்தப் பாத்திரத்துக்குப் பின்னால் ஃபிராங்கன்ஸ்டைனின் பூதமும், டாக்டர் ஜெகிலும் மிஸ்டர் ஹைடும் நிற்கிறார்கள். முதல் இதழில் ஹல்கின் நிறம் சாம்பல். அச்சில் அந்தச் சாம்பல் ஒரே சீராக வராமல் போகவே, அடுத்த இதழிலிருந்து பச்சை. ஆறே இதழ்களோடு 1963இல் அந்தத் தொடர் நின்றுபோனது. பிறகு மற்ற நாயகர்களின் கதைகளுக்குள் நுழைந்து மெல்ல மெல்ல இடம்பிடித்தான். 1970களின் கடைசியில் தொலைக்காட்சித் தொடராக வந்தபோது, பில் பிக்ஸ்பி சாதுவான மருத்துவராகவும், உடற்கட்டு வீரர் லூ ஃபெரிக்னோ உடம்பெல்லாம் பச்சை பூசிக்கொண்டு பூதமாகவும் நடித்தார்கள். 2003 படத்தின் தொடக்கத்தில் ஆய்வுக்கூடத்தின் காவலாளிகளாகப் பேசிக்கொண்டு வரும் இருவர், ஸ்டான் லீயும் ஃபெரிக்னோவும்தான்.

இந்த மரபு ஆங் லீயின் கைக்கு வந்தபோது, அவர் அதில் முதலில் தேடியது அப்பா–மகன் கதையை. தைவானில் பிறந்தவர், பள்ளித் தலைமையாசிரியரின் மகன். அவருடைய முதல் மூன்று படங்களுமே தகப்பன்மார்களைப் பற்றியவை: ‘புஷிங் ஹேண்ட்ஸ்’, ‘தி வெட்டிங் பேங்க்வெட்’, ‘ஈட் டிரிங்க் மேன் வுமன்’. எனவே ‘ஹல்க்’ படத்தில், விஞ்ஞானியைப் பூதமாக்கும் காமா கதிர் பிற்பாடு வருகிறது. காயம் முன்பே வந்துவிடுகிறது. ராணுவ ஆராய்ச்சியாளரான டேவிட் பேனர், அனுமதி கிடைக்காத பரிசோதனையைத் தன் உடம்பிலேயே செய்துகொள்கிறார். அதன் விளைவு பிறக்கும் பிள்ளைக்குப் போய்ச் சேர்கிறது. புரூஸ் என்ற அந்தப் பிள்ளை அடிபட்டால் அழுவதில்லை. உள்ளுக்குள் அடக்கிக்கொண்டு நடுங்குகிறது. பிறகு ஒருநாள் மூடிய கதவுக்குப் பின்னால் அம்மா இறக்கிறாள். எப்படி, யாரால் என்பதைப் படம் கடைசிக் கட்டம்வரை சொல்வதில்லை, ஏனென்றால் மகனுக்கே அது நினைவில் இல்லை.

வளர்ந்த புரூஸாக எரிக் பானா குரலையும் கையையும் அளந்து அளந்து நடிக்கிறார். மரக்கட்டை போல இருக்கிறார் என்றார்கள். அழத் தெரியாத குழந்தை வளர்ந்தால் இப்படித்தான் வளரும். காதலி பெட்டி ராஸாக வரும் ஜெனிஃபர் கானலி, இந்த மனிதருக்குள் போக வழியே இல்லை என்று தெரிந்தும் விலக மனமில்லாமல் நிற்பவராக, கண்களாலேயே அந்தக் காட்சிகளைத் தாங்குகிறார். பூதம் திரைக்கு வரச் சுமார் நாற்பது நிமிடம் ஆகிறது. அந்த நாற்பது நிமிடத்தை வீண் என்று நினைப்பவருக்குப் பின்னால் வருவது வெறும் உடைப்பு. அடக்கிவைத்த உடம்பைப் பொறுமையாகப் பார்த்தவருக்கோ, ஆய்வுக்கூடத்து இருட்டில் சட்டை கிழியும்போது இத்தனை வருஷத்து அழுகை ஒரே மூச்சில் வெளியே வருகிறது.

அடுத்தது கட்டங்கள். படத்தொகுப்பாளர் டிம் ஸ்குவயர்ஸும் ஆங் லீயும் காமிக்ஸ் பக்கத்தைத் திரைக்குக் கொண்டுவர முயன்ற விதம் இன்றும் தனித்தே நிற்கிறது. திரையை இரண்டாகப் பிரிப்பது ஹாலிவுட்டுக்கு 1960களிலேயே பழகிப்போன உத்தி. இங்கே நடப்பது வேறு. ஒரு காட்சி சின்னக் கட்டமாகச் சுருங்கி ஓரத்துக்குப் போகிறது. அதன் மேல் இன்னொன்று சறுக்கி வருகிறது. பேசுபவரின் முகமும் கேட்பவரின் முகமும் ஒரே நேரத்தில் தெரிகின்றன. ஒரே செயலை இரண்டு கோணத்தில் அடுத்தடுத்த கட்டங்களில் காண்கிறோம். மயக்கத்தில் இருக்கும் புரூஸைப் பாலைவன ராணுவத் தளத்துக்குக் கொண்டுபோகும் இடத்தில் ஹெலிகாப்டர்களும் வண்டிகளும் முகங்களும் கட்டங்களாக நகர்ந்து இடம் மாறுவதை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். அங்கே கதை என்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஒரு மனிதனைச் சுற்றி எத்தனை பெரிய இயந்திரம் இயங்குகிறது என்பது ஒரு வசனமும் இல்லாமல் புரிந்துவிடுகிறது.

காமிக்ஸ் படிப்பவருக்கு ஒரு சுதந்திரம் உண்டு. எந்தக் கட்டத்தில் எவ்வளவு நேரம் கண்ணை நிறுத்துவது என்பது அவர் கையில். மேலே ஓடலாம், திரும்பி வரலாம், ஓரத்துக் கட்டத்தில் ஒளிந்திருக்கும் சின்ன முகத்தைக் கவனிக்கலாம். சினிமாவில் அந்த உரிமை முழுக்க இயக்குநரிடம் போய்விடுகிறது. ஆங் லீ அதில் ஒரு பங்கைப் பார்வையாளருக்குத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். எங்கே பார்ப்பது என்பதை நாமே தேர்ந்துகொள்ள வேண்டியிருப்பதால்தான் சிலருக்குத் தலைசுற்றியது. எல்லா இடத்திலும் இந்த உத்தி கைகூடியது என்று சொல்ல மாட்டேன். இருவர் உட்கார்ந்து பேசும் சாதாரணக் காட்சியிலும் கட்டம் போடும்போது, பேச்சிலிருந்து கவனம் விலகிக் கட்டத்தின் மேல் போகிறது. பின்னால் வந்த காமிக்ஸ் படங்கள் கதையையும் உடையையும் எடுத்துக்கொண்டன. காமிக்ஸ் பக்கத்தின் இலக்கணத்தைத் திரையில் எழுத முயன்றவை மிகச் சில.

கிராஃபிக்ஸ் பற்றிய புகார் படம் வருவதற்கு முன்பே பிறந்துவிட்டது. 2003 ஜனவரியில் சூப்பர் பவுல் ஒளிபரப்பின் நடுவே காட்டிய விளம்பரத்தில் வேலை முடியாத ஹல்கைப் பார்த்துவிட்டு, பொம்மை மாதிரி இருக்கிறது என்றார்கள். ஜூனில், வெளியீட்டுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, அரைகுறைப் பிரதி ஒன்று இணையத்தில் கசிந்தது. முடிந்த படத்தைப் பார்க்கும் முன்பே பலர் தீர்ப்போடு தியேட்டருக்குள் போனார்கள். அந்தத் தீர்ப்பில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. வெயிலில் அந்தப் பச்சை உடம்பு சில இடங்களில் நிலத்தோடு ஒட்டவில்லை. அத்தனை எடை கீழே இறங்கும்போது மண் அதை முழுதாக உணரவில்லை. மாற்றமடைந்த மூன்று நாய்களோடு இரவுக் காட்டில் நடக்கும் சண்டையில் எது எந்த உடம்பு என்று கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. மூன்றில் ஒன்று பூடில் நாய் என்பதால் சிரித்தவர்களும் உண்டு.

ஆனால் டென்னிஸ் மியூரன் தலைமையில் ஐ.எல்.எம். கிராஃபிக்ஸ் நிறுவனக் கலைஞர்கள் உழைத்த அந்த முகத்தைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஹல்கின் அசைவுகளைப் பதிவுசெய்ய உணர்கருவி உடையை மாட்டிக்கொண்டு நடித்துக்காட்டியவர்களில் இயக்குநரே ஒருவர். பாலைவனத் துரத்தல் காட்சி அதன் பலன். பீரங்கி வண்டியைக் குழாயைப் பிடித்துச் சுழற்றி வீசுகிறான். பிறகு தாவுகிறான், ஒவ்வொரு தாவலும் மைல் கணக்கில். அந்தத் தாவலின் உச்சியில் காட்சி அவன் முகத்துக்கு அருகே போகிறது. கண் மூடியிருக்கிறது. காற்று கன்னத்தில் அடிக்கிறது. படம் முழுக்கப் புரூஸ் பேனருக்குக் கிடைக்காத ஒரு நிம்மதி, அந்தரத்தில் சில விநாடி இந்தப் பூதத்துக்குக் கிடைக்கிறது. கீழே இறங்கியதும் பாறையில் படர்ந்திருக்கும் கல்பாசியை உற்றுப் பார்க்கிறான். படத்தின் தொடக்கத்தில் அப்பாவின் ஆய்வுக்கூடத்தில் பார்த்த உயிர்களின் வரிசை மறுபடி இங்கே வருகிறது. இவனும் அந்த வரிசையில் பிறந்த ஓர் உயிர்தான். ஹெலிகாப்டர்கள் நெருங்கும் நேரத்தில் இப்படி ஒரு நிறுத்தம் எதற்கு என்று பொறுமையிழந்தவர்கள் உண்டு. என் ரசனைக்கு, படத்தின் மையமே அந்த நிறுத்தம்.

அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ. ராணுவமும் போலீசும் சுற்றி வளைத்து நிற்க, பெட்டி அவனை நோக்கி நடந்து வருகிறாள். அவளைப் பார்த்ததும் அந்த முகத்தில் மூர்க்கம் தளர்கிறது. வெட்கம் போல ஒன்று வருகிறது. உடம்பு சுருங்கிச் சுருங்கி, கடைசியில் மண்டியிட்ட மனிதனாகிறது. படப்பிடிப்பில் கானலிக்கு எதிரே இந்தப் பூதம் இல்லவே இல்லை. இல்லாத ஒரு முகத்தை அவர் பார்த்த பார்வையும், பிறகு கணினியில் உருவான முகம் அந்தப் பார்வைக்குச் சொன்ன பதிலும் இவ்வளவு பொருந்தியதுதான் அதிசயம்.

முடிவைப் பற்றி இரு தரப்பையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். இருட்டில், வெள்ளை விளக்குகளுக்குக் கீழே, இரண்டு நாற்காலிகளில் அப்பாவும் மகனும். அப்பாவாக வரும் நிக் நோல்ட்டி மேடை நாடக நடிகரைப் போலக் குரலை எடுத்து, ராணுவத்தையும் தேசத்தையும் பெற்ற மகனையும் சபிக்கிறார். கோடிக்கணக்கான டாலர் செலவழித்த படத்தின் உச்சக்கட்டம், ஒரு நடிகர் உட்கார்ந்து கத்துவது. அந்தத் துணிச்சலுக்கு ஈடு எனக்குத் தெரிந்து இந்த வகைப் படங்களில் இல்லை. அதற்குப் பின் மேகத்திலும் ஏரித் தண்ணீரிலும் நடக்கும் சண்டையில்தான் படம் கைநழுவுகிறது. மகனின் சக்தியை உறிஞ்ச வந்த அப்பாவிடம் மகன் எல்லாவற்றையும் கொடுத்துவிட, அதோடு வந்த வேதனையைத் தாங்க முடியாமல் அப்பா அழிகிறார் என்பது அருமையான எண்ணம். திரையில் அது தெளிவாகத் தெரியவில்லை. குழம்பியவர்களைக் குறைசொல்ல முடியாது.

இத்தனைக்கும் அடியில் இருக்கும் காரணம் ஒன்றுதான். நாயகன் கோபப்பட்டால் கைதட்டுவது உலகெங்கும் சினிமா ரசிகனின் பழக்கம். அவன் பொறுத்துப் பொறுத்துப் பொங்கும் கணத்துக்காகத்தான் டிக்கெட் வாங்குகிறோம். ஆங் லீ அந்தக் கைதட்டலுக்கு இடமே வைக்கவில்லை. இங்கே கோபம் வந்தால் பயமாக இருக்கிறது, அடங்கினால் துக்கமாக இருக்கிறது. 2008இல் லூயி லெட்டரியே இயக்கத்தில் எட்வர்ட் நார்ட்டன் நடித்த படம் சண்டையைக் கூட்டி, வேகத்தையும் கூட்டியது. உலக வசூல் சுமார் 265 மில்லியன் டாலர். ஆங் லீயின் 245 மில்லியனைவிடக் கொஞ்சம்தான் அதிகம். 2012இல் ‘அவெஞ்சர்ஸ்’ படத்தில் ஹல்க், வில்லன் லோகியைத் துணி துவைப்பதுபோல் தரையில் மாறி மாறி அடித்தபோதுதான் அரங்கம் அதிர்ந்தது. அந்தக் குதூகலம் எனக்கும் பிடிக்கும். அது வேறு ஹல்க், அவனுக்குப் பின்னால் அழுகை கிடையாது.

‘ஹல்க்’ முடிந்து சோர்ந்துபோன ஆங் லீ, சினிமாவே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்திருந்தார். மகனின் சினிமாத் தொழிலை அதுவரை முழுமனதாக ஏற்காத அப்பா, விட்டுவிடாதே, தொடர்ந்து செய் என்று அப்போதுதான் முதல்முறையாகச் சொன்னார். 2004இல் அப்பா காலமானார். அடுத்த ஆண்டு வந்த ‘புரோக்பேக் மவுன்டன்’, சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கரை மகனுக்கு வாங்கித் தந்தது. உள்ளே அடக்கிவைத்த மனிதர்களைப் பற்றிய அந்தப் படத்துக்கும் ‘ஹல்க்’ படத்துக்கும் உறவு நெருக்கமானது. ‘ஹல்க்’ படத்துக்கு முதலில் இசையமைக்கத் தொடங்கி, பிறகு டேனி எல்ஃப்மனுக்கு வழிவிட நேர்ந்த மைக்கேல் டான்னாவை ஆங் லீ மறக்கவும் இல்லை. ‘லைஃப் ஆஃப் பை’ படத்தில் இருவரும் மறுபடி சேர்ந்தார்கள். பாம்பே ஜெயஸ்ரீ தமிழில் பாடிய தாலாட்டோடு அந்தப் படம் தொடங்குகிறது. அதில் கணினியில் பிறந்த புலியை உலகமே நம்பியது. அதற்கான பாடத்தை இயக்குநர் படித்தது இந்தப் பச்சை முகத்தில்தான் என்று நினைக்கிறேன்.

முதல் வாரத்து மதிப்பெண் பொய் இல்லை. எதை எதிர்பார்த்து வந்தோமோ அது இங்கே இல்லை என்பதை ரசிகர்கள் நேர்மையாகவே சொன்னார்கள். அந்த எதிர்பார்ப்பு இல்லாமல் இன்று படத்தைப் பார்க்க வாய்த்திருப்பது பின்னால் வந்தவர்களின் அதிர்ஷ்டம். 138 நிமிடத்தை ஒரே அமர்வில், பெரிய திரையில், கட்டங்களின் ஓரங்களையும் கவனித்துப் பாருங்கள். பிடிக்காமலும் போகலாம். ஆனால் ஒரு பூதத்தின் முகத்தில் இத்தனை மனிதத் துயரத்தைத் தேடிய ஒரு கலைஞர், அரங்கத்தின் கைதட்டலைத் தெரிந்தே விலையாகக் கொடுத்தார் என்பதை எந்தப் பார்வையாளராலும் மறுக்க முடியாது.