குழூஉக்குறியிலிருந்து பொதுவழக்கிற்கு: இணையத் தொழில்நுட்ப அரட்டையின் மொழியும் தகடூர்க் கருவிகளும்

ஆய்வுச்சுருக்கம்

கணினி, மென்பொருள், அறிவியல் செய்தி ஆகியவை குறித்து இணையத்தில் தமிழர் நிகழ்த்தும் அரட்டை, தமிழியல் ஆய்வில் பெரும்பாலும் கொச்சை வழக்காகவோ மொழிக்கலப்பின் சான்றாகவோ மட்டுமே எடுத்தாளப்படுகிறது. அவ்வரட்டையே கலைச்சொற்களைப் பயன்பாட்டில் சோதித்து, ஏற்றும் விலக்கியும் பொதுவழக்கிற்குக் கொண்டுசேர்க்கும் களம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அக்களத்தைச் சாத்தியமாக்கிய எழுத்துக் கருவிகளுள் தருமபுரியின் பழம்பெயரைத் தாங்கியவையும் உள. அவற்றை முன்னிறுத்தி, அரட்டை மொழியின் இலக்கணமும் அதன் வரம்பும் இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அரட்டை, குழூஉக்குறி, ஆகுபெயர், எழுத்துருமாற்றி, ஒருங்குறி, தகடூர், கலைச்சொல்.

முன்னுரை

ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் பொருள் விளங்குமாறு வழங்கும் சொல்லைக் குழூஉக்குறி என்று நன்னூல் வகைப்படுத்துகிறது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதை உரையாசிரியர்கள் இதற்கு எடுத்துக்காட்டுவர். இன்று கணினித் துறையினரின் பேச்சும் இவ்வகையினதே. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. பொற்கொல்லரின் குறி பிறர் அறியாமைப் பொருட்டு அமைந்தது. கணினித் துறையினரின் குறியோ ஓரிரு ஆண்டுகளில் கடைத்தெருவிற்கே வந்துவிடுகிறது. இந்த இடப்பெயர்ச்சி எவ்வாறு நிகழ்கிறது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

தமிழில் அறிவியலை எளிய நடையில் எழுதும் மரபு புதியதன்று. பெ.நா. அப்புஸ்வாமி அதற்கு அடித்தளமிட்டார். பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய சுஜாதா, ‘ஏன் எதற்கு எப்படி’, ‘கற்றதும் பெற்றதும்’ ஆகிய தொடர்களின் வழியாக அந்நடைக்கு நகைச்சுவையையும் பேச்சின் விரைவையும் சேர்த்தார். ஆயினும் அங்கு ஒலித்தது ஒற்றைக் குரல். வாசகர் வினவினார், அறிந்தவர் விடை கூறினார். இணைய அரட்டையில் இவ்வரிசை குலைகிறது. வினவுபவரும் விடையளிப்பவரும் திருத்துபவரும் கேலி செய்பவரும் ஒரே தளத்தில் நிற்கின்றனர். இதனால் நடையும் மாறுகிறது, சொல்லுக்கு யார் உரிமையுடையார் என்பதும் மாறுகிறது.

தகடூரின் பெயரால் அமைந்த கருவிகள்

அரட்டை நிகழ்வதற்கு முதலில் எழுத்து வேண்டும். 1990களின் இறுதியில் இணையத் தமிழின் முதன்மைச் சிக்கல் இதுவே. ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தபோதே அதில் தமிழுக்கு இடமிருந்தது. ஆயினும் நடைமுறையில் பாமினி போன்ற எழுத்துருக்களும், திஸ்கி முதலிய குறியீட்டு முறைகளும் பல ஆண்டுகள் கோலோச்சின. 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டைத் தொடர்ந்து டேம், டேப் ஆகியவை அரசின் ஏற்பைப் பெற்றன. ஒரு முறையில் எழுதியதை வேறு முறையில் திறந்தால் பொருளற்ற குறிகளே திரையில் தோன்றின. தமிழர் இருவர் தமிழில் உரையாட, முதலில் இருவரும் ஒரே எழுத்துருவை நிறுவியிருக்க வேண்டியிருந்தது.

இவ்விடைவெளியை நிரப்பியோர் பெரும்பாலும் தன்னார்வலர்களே. எ-கலப்பை, பொங்குதமிழ் முதலிய கருவிகளின் வரிசையில் தருமபுரியைச் சேர்ந்த கோபியின் பணியும் அமைகிறது. ‘தகடூர் கோபி’ என்றே இணையத்தில் அறியப்பட்ட அவர், தமிழ் எழுதிகளையும் எழுத்துருமாற்றிகளையும் உருவாக்கி விலையின்றி வழங்கினார். 2018 சனவரியில் மறைந்தார். தம் கருவிகளுக்கு அவர் சூட்டிய பெயர்கள் தகடூர், அதியமான் என்பன. சங்க காலத்தில் அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட தகடூரே இன்றைய தருமபுரி. ஒரு மென்பொருள் தன் ஊரின் பெயரால் வழங்கப்பெறுவது, தொழில்நுட்பம் அயலிலிருந்து வருவது என்னும் பொதுக்கருத்திற்கு அமைதியான மறுப்பாகிறது.

எழுத்துருமாற்றியின் பணி ஒரு குறிக்கு மறுகுறியை இடுவதோடு முடிவதில்லை. திஸ்கி முதலிய பழைய முறைகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்தைச் சேமித்தன. ‘கெ’ என்பதில் கொம்பு முதலிலும் ககரம் பின்னரும் நின்றன. ஒருங்குறி ஒலிப்பு வரிசையைப் பின்பற்றுவதால் ககரம் முதலிலும் உயிர்க்குறி பின்னரும் நிற்கும். ‘கொ’ எனில் கொம்பு, ககரம், கால் என்னும் மூன்று வடிவங்களை ககரம், ஒகரக்குறி என்னும் இரண்டாக மாற்ற வேண்டும். ஆகவே மாற்றியை எழுதுபவர் உயிர்மெய்யின் அமைப்பை அறிந்திருத்தல் வேண்டும். எழுத்ததிகாரம் கற்பிக்கும் உயிர், மெய், உயிர்மெய் என்னும் பாகுபாடு இங்கு நிரலின் விதியாகிறது. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்கும் முன்பே, இத்தகைய கருவிகள் ஒருங்குறியைப் பயனரின் கைக்குக் கொண்டுசேர்த்துவிட்டன.

அரட்டை மொழியின் இலக்கணம்

எழுதும் தடை நீங்கியபின் எழுந்த மொழி எத்தகையது? ‘அப்டேட் பண்ணினேன், ஹேங் ஆகிவிட்டது’ என்னும் பாங்கிலான தொடரை மொழிக்கலப்பு என்று ஒதுக்குவது எளிது. நுணுகி நோக்கின் அதன் வினையமைப்பு முழுவதும் தமிழுக்குரியது. ஆங்கிலச் சொல் பெயர்போல் நிற்க, ‘பண்ணு’, ‘ஆகு’ என்னும் துணைவினைகள் காலத்தையும் இடத்தையும் ஏற்கின்றன. பயனர் விரும்பிச் செய்வதற்குப் ‘பண்ணு’ வருகிறது. கருவிக்குத் தானே நேர்வதற்கு ‘ஆகு’ வருகிறது. ‘ஹேங் பண்ணினேன்’ என்று எவரும் கூறுவதில்லை. குற்றம் கருவியினுடையது, தன்னுடையதன்று என்னும் தன்காப்பு வினைத்தேர்விலேயே அமைந்துவிடுகிறது. அரட்டையின் நகை பலவிடத்தும் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது.

இரண்டாவது இயல்பு, கருவியை உயிருடையதாகப் பேசுதல். சர்வர் ‘படுத்துவிடுகிறது’, செயலி மின்கலத்தைத் ‘தின்கிறது’, இணையம் ‘சுற்றிக்கொண்டே’ இருக்கிறது. நோயுற்ற மாட்டையோ முரண்டு பிடிக்கும் ஆளையோ குறித்த வினைகள் இங்கு இடம்பெயர்ந்துள்ளன. கலைச்சொல்லகராதிகள் பெயர்ச்சொற்களையே மிகுதியாகத் தொகுத்தன. வினைகளை அரட்டையே உருவாக்கியது.

மூன்றாவது இயல்பு ஆகுபெயர். ‘டவர் இல்லை’ என்று கூறுபவர் கோபுரம் இல்லை என்று கூறுவதில்லை. அலைக்குறி கிடைக்கவில்லை என்கிறார். கருவியின் பெயர் அதன் பயனுக்கு ஆகிவந்தமையால் இது கருவியாகுபெயரின் பாற்படும். சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைப்பகுதிகளை உடைய தருமபுரி மாவட்டத்தில் இத்தொடர் நகைக்கு மட்டும் உரியதன்று, அன்றாடக் குறையைக் கூறுவதுமாகும். மேலும் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வழங்கும் இம்மாவட்டத்தில் அயற்சொல்லைத் தன் வினைக்குள் அடக்கிக்கொள்ளுதல் இணையத்தால் வந்த புதுப்பழக்கம் அன்று. திசைச்சொல்லைச் செய்யுட்சொல் நான்கனுள் ஒன்றாகவே தொல்காப்பியம் ஏற்றுள்ளமையும் இங்கு நினையத்தக்கது.

கலைச்சொல்லின் சோதனைக்களம்

மணவை முஸ்தபா போன்றோர் தனிமனிதராக நின்று தொகுத்த கலைச்சொற்களும் அறிஞர் குழுக்கள் ஆக்கிய சொற்களும் இன்றியமையாதவை. அவை இன்றேல் பாடநூல் இல்லை. ஆயின் ஒரு சொல் அகராதியில் இடம்பெறுவதும் வழக்கில் நிலைபெறுவதும் ஒன்றல்ல. ‘செயலி’ என்பது முதலில் கணினியின் செயற்கூறைக் குறித்தது. ‘நுண்செயலி’, ‘சொற்செயலி’ ஆகிய தொடர்களில் அப்பொருள் இன்றும் எஞ்சியுள்ளது. திறன்பேசி பரவியபின் அதே சொல் பேசியில் நிறுவும் மென்பொருளுக்கு உரியதாயிற்று. எக்குழுவின் தீர்மானமும் இம்மாற்றத்தைத் திட்டமிடவில்லை, புழக்கமே முடிவுசெய்தது. ‘மென்பொருள்’, ‘மின்னஞ்சல்’, ‘கடவுச்சொல்’ ஆகியவை தடையின்றி நிலைபெற்றன. வாட்சப்பைக் குறிக்க முன்மொழியப்பட்ட ‘புலனம்’ விளம்பரத்திலும் அழைப்பிதழிலும் காணப்படினும் பேச்சில் வேரூன்றவில்லை.

‘வழு’ என்னும் சொல் இவற்றினும் சுவையானது. இலக்கணப் பிழையைக் குறித்த இச்சொல்லை மென்பொருட்பிழைக்குத் தமிழ்க் கணிமையாளர்கள் வழங்கினர். இலக்கணத்தில் வழுவுக்கு அடுத்து வழுவமைதி உண்டு. பிழையெனினும் காரணம் நோக்கி அமைத்துக்கொள்வது அது. திருத்தப்படாத மென்பொருட்குறையோடு பயனர்கள் இசைந்து வாழும் நிலைக்கும் அச்சொல் பொருந்தும். இத்தகைய வாய்ப்பை மரபிலக்கணம் கற்ற துறைகள் கண்டுகொள்ளாமை பேரிழப்பாகும்.

அறிவியல் செய்தியும் அரட்டையின் வரம்பும்

அரட்டையைப் போற்றுவதோடு ஆய்வு நின்றுவிடலாகாது. 2023 ஆகத்து 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது கொங்குப் பகுதியினரின் பேச்சில் நாமக்கல் மாவட்டம் இடம்பெற்றதற்குக் காரணம் இருந்தது. சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களில் கிடைக்கும் அனார்த்தசைட்டுப் பாறை, நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. அதனைப் பொடித்து இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் செயற்கை நிலவுமண் ஆக்கியது. அதன்மேல் தரையிறங்கு கலமும் ஊர்தியும் சோதிக்கப்பட்டன. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறையினருக்கும் இதில் பங்குண்டு.

இச்செய்தி ‘நம் ஊர் மண் நிலவுக்குப் போனது’ என்று சுருங்குமாயின் பெருமிதம் எஞ்சும், உண்மை திரியும். மண் நிலவுக்குச் செல்லவில்லை. நிலவைப் போன்ற தரையை இங்கே அமைக்க அது உதவியது. உண்மையில் வியப்பிற்குரியது இரண்டாவது செய்தியே. நகைக்குரிய நிலைக்களன்களுள் எள்ளலையும் பேதைமையையும் மெய்ப்பாட்டியல் சேர்த்தே எண்ணுகிறது. அரட்டையிலும் இவ்விரண்டும் அடுத்தடுத்தே நிற்கின்றன. அறிந்தவர் ஒருவர் அங்கிருப்பின் கேலியோடு பிழை திருத்தப்படும்; அவர் இல்லையெனில் பிழையே செய்தியாகும். பலகுரல் என்பது அரட்டையின் வலிமை. பொறுப்பேற்பார் இன்மை அதன் குறை. சுஜாதாவின் ஒற்றைக் குரலில் பிழை நேர்ந்தால் அதற்கு விடையளிக்க ஒருவர் இருந்தார்.

மேலும் இக்களத்தில் யார் பேசுகிறார் என்பதும் வினவத்தக்கது. கருவியை ஆக்குவோரின் மொழியே மிகுதியாகப் பதிவாகியுள்ளது. பழுதான பேசியைக் கடைக்குக் கொண்டுவருபவரும், வேலை தேடிப் பெங்களூருக்குப் பெயர்ந்து பேசிவழியே வீட்டோடு தொடர்பு கொள்பவரும் ஆக்கும் சொற்கள் எழுத்தில் பதிவதில்லை. பொதுவழக்கு என்று இங்குக் கூறப்படுவது அவர்களையும் உள்ளடக்கியாக வேண்டும்.

முடிவுரை

இலக்கணம் வழக்கையும் செய்யுளையும் முதலாகக் கொண்டு எழுந்தது என்பது தமிழ் மரபின் கொள்கை. இன்றைய தமிழ்த்துறைகள் செய்யுளைப் பேணுகின்றன. வழக்கின் பெரும்பகுதி இணையத்திற்குச் சென்றதைக் கருத்திற்கொள்ளத் தயங்குகின்றன. இத்தயக்கத்திற்குக் காலக்கெடு உண்டு. பழைய குறியீட்டு முறைகளில் எழுதப்பட்ட முதற்பத்தாண்டுகளின் உரையாடல்களைப் படிக்க மாற்றிகள் வேண்டும். மாற்றிகளைப் பேண அவற்றை ஆக்கியோர் போன்ற பிறர் வேண்டும். தன்னார்வலர் ஒருவர் மறைந்தால் அவரது கருவியை யார் காப்பது என்னும் வினாவிற்குப் பல்கலைக்கழகங்களிடம் விடையில்லை.

தருமபுரியின் நடுகற்களைப் படிக்க வட்டெழுத்தைப் பயிற்றுவிக்கும் கல்விப்புலம், இருபத்தைந்தாண்டுப் பழைமையுடைய மின்னுரையைப் படிக்கவும் பயிற்றுவித்தல் வேண்டும். எழுத்துருமாற்றிகளின் மூலநிரலைத் திரட்டிக் காத்தல், தொடக்ககால உரையாடல்களை எழுதியோரின் இசைவோடு ஒருங்குறியில் தொகுத்தல், ஒரு கலைச்சொல் முன்மொழியப்பட்ட காலத்தையும் வழக்கில் ஏற்கப்பட்ட காலத்தையும் அத்தொகுப்பின்வழி ஒப்பிடல் ஆகிய மூன்றும் உடனடிப் பணிகள். இவை நிகழ்ந்தாலன்றி, தமிழ் அறிவியல் மொழியானது எவ்வாறு என்னும் வரலாற்றில் அகராதிகள் மட்டுமே எஞ்சும். அச்சொற்களைப் பேசிப் பார்த்தவர்கள் விடுபட்டுப் போவர்.