தனிமை தொலைந்த மூன்றாம் பாகம்

2008இல் வெளியான 'டெட் ஸ்பேஸ்' கணினி விளையாட்டின் நாயகன் ஐசக் கிளார்க் போர்வீரனல்லன், பொறியியலாளன். பிணங்களிலிருந்து உருவான ஜந்துக்கள் உலவும் இஷிமுரா விண்கலத்தில், சுரங்கத் தொழிற்கருவியையே ஆயுதமாக்கி உயிர்காக்கிறான். பேசுவதேயில்லை. 2011இன் இரண்டாம் பாகத்தில் பேசுகிறான். ஆயினும் இறந்த காதலி நிக்கோலின் மாயத்தோற்றம் அவனை மேலும் தனியனாக்குகிறது.

இவ்விரண்டிலும் ஆயுதத்துக்கு ஆயுதம் ரவை வேறு. எது முதலில் தீருமோ என்ற தவிப்பே என்னை அச்சுறுத்தியது. 2013இன் மூன்றாம் பாகமோ எல்லா ஆயுதங்களுக்கும் பொதுவான ரவையைத் தந்தது. கார்வர் என்ற பாத்திரமாக இன்னொருவரும் சேர்ந்தாட இடமளித்தது. அதன் பனிக்கோளம் அழகுதான், பயம் இல்லை. பக்கத்தில் ஆளிருந்தால் இருட்டு வெறும் இருட்டே. திகிலுக்கு வசதியே பகை என்பேன். 2023இல் மீளுருவாக்கம் பெற்றதும் முதற்பாகமே.