ஆடும் உரிமை யாருக்கு?

"ஒன்று! இரண்டு! கையை உயர்த்து! காலை மடக்கு!" ஆசிரியரின் குரல் அதிர்கிறது, வரிசையில் நிற்கும் பிஞ்சுகள் பொறியின் பற்சக்கரங்கள்போல் அசைகின்றன. இங்கிலாந்து நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் ஒரு காலத்தில் இதுதான். சிந்திக்க வேண்டியதில்லை, சொன்னதைச் செய்தால் போதும்! நாளைய தொழிலாளிக்கும் நாளைய சிப்பாய்க்கும் அடக்கமே அணிகலன் என்று ஆள்வோர் எண்ணிய காலம் அது.

அந்தக் கட்டளைக் கூடத்தில் சாளரம் திறந்த நூல்களுள் ஒன்று, 1948-இல் வெளிவந்த 'மாடர்ன் எஜுகேஷனல் டான்ஸ்'. எழுதியவர் ருடால்ஃப் லாபன். 1879-இல் இன்றைய பிராட்டிஸ்லாவா நகரில் பிறந்து, ஜெர்மனியில் புகழ்பெற்று, 1938-இல் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தவர்.

நூல் நுவல்வது என்ன? ஆட்ட அசைவுகளைக் குழந்தைக்கு மனப்பாடம் செய்விக்காதே! ஓடவும் துள்ளவும் சுழலவும் அதனிடம் இயல்பாகவே ஓர் ஆர்வம் உண்டு, அதிலிருந்து தொடங்கு. எடை, இடம், காலம், ஓட்டம் என்னும் நான்கினைத் தன் உடலாலேயே அது ஆராயட்டும். வலுவாக, நேராக, விரைவாகக் கை பாய்ந்தால் அது குத்து. மென்மையாக, வளைந்து, மெல்ல நகர்ந்தால் அது மிதப்பு. இப்படி எட்டு அடிப்படைச் செயல்கள். எளியதிலிருந்து அரியதற்கு ஏறும் 16 கருப்பொருள்கள். மேடையில்லை, பரிசில்லை, கைதட்டலில்லை. கூச்சமுள்ள குழந்தைக்கும் கால் தடுமாறும் குழந்தைக்கும் அங்கே இடமுண்டு. பாராட்டுகிறோம், மனமாரப் பாராட்டுகிறோம்!

ஆனால், இயக்கம் ஆளுமையை முழுமையாக்கும் என்று நூலாசிரியர் கூறும்போது, சான்று எங்கே என்று கேட்கத்தான் வேண்டியிருக்கிறது. அதைவிடப் பெரிய கேள்வியொன்றும் உண்டு.

1930 முதல் பெர்லின் அரசு இசைநாடக அரங்கின் நடனத் தலைவராக இருந்தவர் லாபன். அங்கே குழந்தைகளுக்கான நடன வகுப்பிலிருந்து, 'ஆரியர் அல்லாத' பிள்ளைகளை 1933 ஜூலையிலேயே அவர் நீக்கத் தொடங்கினார் என்பதை லிலியன் கரினா, மரியன் கான்ட் எனும் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். 1934 முதல் கோயபல்சின் பிரச்சார அமைச்சகத்தின் பணத்தில் நடன விழாக்கள் நடத்தினார். 1936 ஒலிம்பிக்கையொட்டி ஆயிரம் பேர் ஆடவிருந்த அவருடைய படைப்பை ஒத்திகையில் கண்ட கோயபல்ஸ் தடைசெய்தான். அதன்பிறகே அவ்வாட்சியில் அவர் வீழ்ந்தார்.

ஆடுவது ஒவ்வொரு குழந்தைக்கும் உரியது என்று 1948-இல் எழுதிய கை, 1933-இல் சில குழந்தைகளுக்கு மட்டும் கதவைச் சாத்திய கை! இதைவிடக் கொடிய முரண்பாடு வேறென்ன?

அப்படியானால் நூலைக் கொளுத்திவிடலாமா? கூடாது! ஆளை வணங்குவதும் பகுத்தறிவன்று. ஆளுக்காக அறிவை எரிப்பதும் பகுத்தறிவன்று. முறை நல்லது, எடுத்துக்கொள்வோம். அந்த முறையே தன் ஆசானுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது என்பதையும் சேர்த்தே படிப்போம்.

இதில் நாம் கற்கும் பாடம் ஒன்று. உடல் கட்டவிழ்ந்து ஆடினால் மட்டும் மனிதன் விடுதலை பெற்றுவிடுவதில்லை. கட்டற்ற நடனம் பயின்றோரையே கொடுங்கோலன் தன் விழாவுக்கு அழைத்தான், அவர்களும் சென்றார்கள்! ஆகவே ஆடக் கற்பிக்கும் ஆசிரியர், "ஏன்?" என்று கேட்கவும் கற்பிக்கட்டும். "என் தோழன் இன்று ஏன் வகுப்பில் இல்லை?" என்று ஒரு குழந்தை ஆட்டத்தை நிறுத்திக் கேட்குமானால், அதுவே அந்த வகுப்பின் வெற்றி!