எந்த ஊர் கப்?

"ஒரு கப் அரிசி" என்று சமையல் குறிப்பில் பார்த்தாலே எனக்கு ஒரு கேள்வி வரும்: எந்த ஊர் கப்?

அமெரிக்கச் சமையல் கப் சுமார் 237 மி.லி. அங்கேயே உணவுப் பாக்கெட்டில் சத்து விவரம் அச்சிட 240 என்று கணக்கு. ஆஸ்திரேலியாவில் 250. ஜப்பானில் 200, ஆனால் அவர்கள் ரைஸ் குக்கரோடு தரும் கப் 180தான். அது 'கோ' என்ற அவர்களுடைய பழைய அளவு. டேபிள்ஸ்பூன்கூட ஒன்றில்லை: அமெரிக்காவில் 15 மி.லி., ஆஸ்திரேலியாவில் 20.

இப்படிப் பட்டியல் போட்டுவிட்டு, "கப்பைத் தூக்கிப் போடுங்க, கிராமுக்கு மாறுங்க" என்று முடிப்பவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு பங்கு அரிசிக்கு ரெண்டு பங்கு தண்ணி என்றால், எந்தக் கப்பில் அளந்தாலும் சோறு ஒரே மாதிரிதான் வரும். இட்லிக்கு நாலு அரிசி, ஒரு உளுந்து என்பதும் அப்படியே. எங்கள் தொழில் பாஷையில் கப் ஒரு வேரியபிள். எல்லா வரியிலும் அதே வேரியபிள் இருக்கும்வரை அதன் மதிப்பு என்னவாக இருந்தாலும் கவலையில்லை.

ஏதாவது ஒரு பொருள் கப்பை விட்டு வெளியே போகும்போதுதான் சிக்கல். குக்கர் பாத்திரத்தில் உள்ள கோடுகள் 180 மி.லி. கப்புக்குப் போட்டவை. 240 மி.லி. கப்பால் மூணு கப் அரிசி போட்டுவிட்டு, '3' என்ற கோடுவரை தண்ணி ஊற்றினால்? அரிசி மூன்றில் ஒரு பங்கு கூடுதல். நறுக்கென்று நிற்கும்.

எங்க காட்டூர்ப் பக்கம் இது இன்னும் பளிச்சென்று தெரியும். பழவேற்காடு ஏரி இறாலைக் கூறு கட்டி விற்பதுண்டு. இணையக் குறிப்போ "அரை கிலோ இறால், ரெண்டு கப் அரிசி" என்கிறது. முழு இறாலா, உரித்ததா? தலையும் ஓடும் போனால் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். அரிசி எந்தக் கப்பில்? இரண்டுக்கும் பதில் இல்லை. ஆனால் மிளகாய்த்தூள் மட்டும் "ஒன்றேகால் டீஸ்பூன்". இது போலித் துல்லியம்.

1951-இல் வந்த எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' ஆழாக்குக் கணக்கில் பேசிய புத்தகம். எட்டு ஆழாக்கு ஒரு படி. சென்னைப் படிக்கு ஆழாக்கு சுமார் 200 மி.லி. படி ஊருக்கு ஊர் மாறியது உண்மைதான். ஆனாலும் "எந்தப் படி?" என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருந்தது. 1956 சட்டத்தோடு மெட்ரிக் வந்தது, ஆழாக்கு மெல்ல மறைந்தது, அந்த இடத்தில் பெயர் மட்டும் உள்ள ஒரு கப் வந்து உட்கார்ந்துகொண்டது.

அது சைவச் சமையல் புத்தகம். எங்கள் பக்கத்து இறால் குழம்புக்கு அதில் இடமில்லை. அது அம்மாக்களின் கையில்தான் இருக்கிறது. பிள்ளைகள் இப்போது அதை போனில் "ஒரு டம்ளர்" என்று குறித்துவைக்கிறார்கள். டம்ளர் தொலைந்தால் அந்தக் கைப்பக்குவமும் போச்சு.

செய்யவேண்டியது சின்ன வேலை. அந்த டம்ளரில் தண்ணி நிரப்பித் தராசில் வையுங்கள். டம்ளரின் எடையைக் கழித்தால் ஒரு கிராம் ஒரு மி.லி. அந்த எண்ணைக் குறிப்பின் தலையில் எழுதிவிடுங்கள். இறாலுக்குப் பக்கத்தில் "உரித்தபின்" என்று ஒரு வார்த்தை. மற்றபடி அம்மா சொன்னது சொன்னபடியே இருக்கட்டும்.